தமிழ் எழுத்தைச் சிதைப்பது எப்படி?

கடைக்குப் பெயர்ப்பலகை வைக்கப் போகிறீர்களா? மகளுக்குக் கல்யாணப் பத்திரிகையா? தலைவர் வருகைக்கு நாற்பதடி ஃப்ளெக்ஸா? எதுவானாலும் சரி, தமிழ் எழுத்தை உருத்தெரியாமல் ஆக்க இன்றைக்கு இருக்கும் வசதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கல்லில் வெட்டியவர் ஒரு எழுத்தைக் கெடுக்கவும் உளி பிடித்து உழைக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு சொடுக்கு போதும். காரியத்தை அரைகுறையாகச் செய்யாமல் முறையாகச் செய்ய விரும்புவோருக்கு இந்தக் கையேடு.

படி 1: எழுத்துருவைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கணினி எதைக் கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 2000 காலத்திலேயே ‘லதா’ வந்துவிட்டது. திரையில் கடிதம் படிக்க அது தாராளமாகப் போதும். ஆகவே அதை இழுத்து இருபதடிப் பலகையில் போடுங்கள். கண்ணீர் அஞ்சலி, நகைக்கடைத் திறப்பு, மஞ்சள் நீராட்டு விழா மூன்றும் ஒரே எழுத்தில் இருப்பதுதான் சமத்துவம். முக்தா மலர், கேட்டமரான், மீரா இனிமை என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்று யாராவது நச்சரிக்கலாம். “ஓசியில் வருவதில் தரம் இருக்காது” என்று சொல்லிவிட்டு, திருட்டு மென்பொருளைத் திறந்து வேலையைத் தொடருங்கள்.

படி 2: கொம்பை இடம் மாற்றுங்கள்

யுனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், அப்புறம் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. இந்த வேலை தெரியாத, அல்லது இந்திய மொழிகளுக்கான அமைப்பு முடுக்கப்படாத டிசைன் மென்பொருளாகப் பார்த்துப் பிடியுங்கள். எழுத்து ஒரு பக்கம் நிற்கும், கொம்பு மறுபக்கம் நிற்கும், துணைக்கு ஒரு புள்ளி வட்டமும் வரும். பார்க்க நவீன ஓவியம் மாதிரி இருப்பதால் அப்படியே அச்சுக்கு அனுப்பலாம். பல மொழிகளில் நல்வரவு சொல்லும் வெளிநாட்டுப் பலகைகளுக்கு இந்த முறை மிகவும் உகந்தது. தப்பு இருப்பது வரவேற்கப்படுபவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. பதினாறே பக்கம். போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் முன்நின்று கொண்டுவந்த அந்தப் புத்தகத்துக்கு ஈய எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். கொம்பை முன்னால்தான் வைத்தார்கள். பாவம், அவர்களிடம் கணினி இல்லை.

படி 3: புள்ளியை மிச்சம் பிடியுங்கள்

‘அண்ணன்’ என்பதை ‘அணணன’ என்று போட்டால் இரண்டு புள்ளி லாபம். யாராவது கேட்டால், “ஓலைச்சுவடியில் ஏதய்யா புள்ளி?” என்று மடக்குங்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்றுதான் ஏடு எழுதியவர்கள் அதை விட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. எகரமா ஏகாரமா என்று படிப்பவர் திண்டாடியதைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குச் சுழித்த கொம்பு கொடுத்ததும் உண்டு. இதையெல்லாம் எதிராளியிடம் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். ஃப்ளெக்ஸில் புள்ளி வைத்தால் ஓட்டை விழாது என்பதையும்தான்.

படி 4: பாமினியில் அடித்து அனுப்புங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து டொரன்டோ வரை ஒரு தலைமுறையே பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறது. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. பாமினி இல்லாத கணினிக்குக் கோப்பை அனுப்பினால், மணமக்கள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்து விழும். தமிழக அரசு 2010இலேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனால் என்ன? “உங்கள் சிஸ்டத்தில்தான் கோளாறு” என்று சொன்னால் அச்சகத்துக்காரர் நம்பிவிடுவார்.

படி 5: இழுங்கள், சரியுங்கள், நிழல் போடுங்கள்

பெயர் நீளமா? பக்கவாட்டில் அமுக்குங்கள். குட்டையா? இழுங்கள். குத்துக்கோடு சப்பையாகி, படுக்கைக்கோடு தடித்து, ‘ழ’கரத்தின் வால் அடுத்த எழுத்தில் ஏறி உட்காரும். பிறகு சாய்த்து, ஓரம் கட்டி, பின்னால் தங்க நிறத்தில் நிழல் போடுங்கள்.

எழுத்துக்கு அளவு பார்த்தவரும் உண்டு. பத்தாம் நூற்றாண்டு பாக்தாத்தில் இப்னு முக்லா என்றொரு அமைச்சர் இருந்தார். நாணல் பேனா பதிக்கும் ஒரு புள்ளியை அளவாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அரபு எழுத்தும் எத்தனை புள்ளி உயரம், எத்தனை புள்ளி அகலம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அரசியல் பகையில் அவர் வலது கையை வெட்டிவிட்டார்கள். நம் ஊரில் அந்தக் கொடுமை கிடையாது. கைகால் போவது எழுத்துக்குத்தான், எழுதுகிறவருக்கு ஒன்றும் ஆகாது.

படி 6: பாரம்பரியம் சேருங்கள்

மெஸ், செக்கு எண்ணெய், காபிக்கடை நடத்துவோருக்கான சிறப்புப் பாடம் இது. பெரியார் 1935இலேயே தம் ஏட்டில் புழங்கத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போன்ற வடிவை விட்டன. ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வளைவுகளும் போயின. நீங்கள் துதிக்கை ‘லை’ ஒன்றை மட்டும் மவுஸால் வரைந்து பெயரில் ஒட்டுங்கள். அதற்குப் பக்கத்திலேயே புது ‘னை’ இருக்கட்டும். ஒரே வரியில் இரண்டு காலம் ஓடும். வாடிக்கையாளர் இட்லிக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுப்பார்.

படி 7: எழுதத் தெரிந்தவரைக் கிட்டே சேர்க்காதீர்கள்

சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர் ஆபத்தானவர். நூலில் சாக்பீஸ் பொடி தடவிச் சுவரில் அடித்துக் கோடு போடுவார். சாலையிலிருந்து சுவர் எவ்வளவு தூரம், பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு எட்டுமா என்று கேட்பார். எழுத்துக்கு எழுத்து விடவேண்டிய இடைவெளியை ஸ்கேல் இல்லாமல் கண்ணாலேயே அளப்பார். சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் ஓவியர் கே. எம். ஆதிமூலம் வரைந்த தலைப்பெழுத்துகளைப் போய் அந்தச் சுவர் ஓவியரிடம் காட்டிவிடாதீர்கள். “இதைப் போல ஒன்று எழுதித் தரட்டுமா?” என்று பட்டைப் பிரஷ்ஷோடு மறுநாள் காலையில் வாசலில் நிற்பார்.

வாசகர் ஐயம்

கேள்வி: கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 விகிதத்தில் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறதே?

பதில்: பெரிதாக இருக்கவேண்டும் என்றுதான் விதி. படிக்கும்படி இருக்கவேண்டும் என்று அதில் இல்லை.

எச்சரிக்கை

மேற்சொன்ன ஏழு படிகளையும் பாழாக்கக்கூடிய பழக்கம் ஒன்று உண்டு. அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரித் தாளை எடுத்துத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்வது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையே போதும். பைசா செலவில்லை, ஐந்து நிமிட வேலை. இதைச் செய்தீர்களானால் புள்ளி திரும்ப வரும், கொம்பு தன் இடத்துக்குப் போகும், இத்தனை பாடுபட்டு நீங்கள் கெடுத்த எழுத்து மறுபடியும் தமிழாகிவிடும். தயவுசெய்து செய்துபாருங்கள்.