காட்டுக்குப் போகாமல் புது வண்டு கண்டுபிடிப்பது எப்படி?

முதல் வேலையாக, வாங்கி வைத்திருக்கும் தொப்பி, வலை, முழங்கால் பூட்ஸ் எல்லாவற்றையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உலகம் அறியாத ஒரு வண்டைக் கண்டுபிடிக்க நீங்கள் அட்டைக்கடி படவேண்டியதில்லை. அதையெல்லாம் வேறொருவர் எப்போதோ பட்டு முடித்துவிட்டார். வண்டு ஏதோ ஒரு மியூசியத்தின் இழுப்பறையில், குண்டூசி குத்தப்பட்டு, உங்களுக்காகக் காத்திருக்கிறது. அவசரம் எதுவும் இல்லை. பிடிபட்ட உயிரினம் ஒன்று புது இனமாகப் பெயர் பெறுவதற்குச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இது சராசரிதான். டார்வினின் வண்டு இன்னும் கொஞ்சம் பொறுமைசாலி.

1832. பீகிள் கப்பலில் போன 23 வயது சார்லஸ் டார்வின், அர்ஜென்டினாவின் பஹியா பிளாங்காவில் ஒரு வண்டைப் பிடித்தார். வண்டு பிடிப்பதில் அவருக்கு இருந்தது வெறி. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது இரண்டு கையிலும் ஒவ்வொரு வண்டு இருக்க, மூன்றாவது ஒன்று கண்ணில் பட்டதாம். கை காலியாக வேண்டுமே என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கில் எரிச்சலாக எதையோ பீச்சியது. துப்பினார். வாயிலிருந்ததும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. இப்பேர்ப்பட்டவர் பிடித்த வண்டு லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருந்தும், 2014 வரை அதற்குப் பெயர் கிடையாது. 182 வருஷம். நம் ஊரில் பாகப்பிரிவினை வழக்குகூட அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

அதை வெளியே கொண்டுவந்தவர், அமெரிக்காவில் டென்னஸி பல்கலைக்கழகத்தின் சாட்டனூகா வளாகத்தில் இருக்கும் ஸ்டிலியானோஸ் ஹாட்ஸிமனோலிஸ். அவர் அதைத் தேடிப் போகவில்லை. வகை பிரிக்காத சில வண்டுகளை லண்டனிலிருந்து இரவல் வாங்கினார், அதற்குள் இருந்தது. ஆகவே உங்களுக்கு வேண்டிய முதல் தகுதி, இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம். வீட்டில் பிறர் பெயர் எழுதிய புத்தகங்கள் நாலைந்துக்கு மேல் இருந்தால், வேறு துறை பாருங்கள்.

பெட்டி வந்ததும் வண்டைப் பார்க்காதீர்கள். வண்டுக்குக் கீழே, அதே ஊசியில் கோத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். எந்த ஊர், எந்த நாள், யார் பிடித்தது. உள்ளங்கை ரேகையைவிடப் பொடியான எழுத்தில் இருக்கும். படிக்க மருந்துக்கடையில் வேலை பார்த்த அனுபவம் உதவும். சீட்டு இல்லாத வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் பூச்சிதான். ஊசி முதுகின் நடுவில் இல்லாமல் வலப்பக்கச் சிறகில் குத்தியிருப்பதைக் கண்டு, யாரோ கை நடுங்கியவர் வேலை என்று நினைக்க வேண்டாம். இடப்பக்கம் முழுசாக இருக்கட்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்வது அது.

பெட்டியின் மூலையில் பொடிப்பொடியாகத் தூள் கிடக்கிறதா? அப்படியானால் தாமதித்துவிட்டீர்கள். காய்ந்த பூச்சிகளைத் தின்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு பூச்சியின் புழு உள்ளே புகுந்திருக்கிறது. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே அதற்கு 'மியூசியங்களுக்குரியது' என்று பொருள்படப் பெயர் வைத்தார். அதுவும் ஒரு வண்டுதான். பங்காளிகள் எங்கும் இப்படித்தான்.

அடுத்த பத்தியைக் குழந்தைகள் தூங்கிய பிறகு படிக்கவும். வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்களைப் பிரித்துக் காட்டுவது, பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. வயிற்றைத் திறந்து, அதை வெளியே எடுத்து, காரக் கரைசலில் போட்டுச் சதையைக் கரைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கோணம் கோணமாக வரைய வேண்டும். பிறகு கிளிசரின் ஊற்றிய குட்டிக் குப்பியில் போட்டு, அதே ஊசியில் மாட்டிவிடலாம். என்ன வேலை பார்க்கிறாய் என்று பெண் வீட்டார் கேட்டால், 'ஆராய்ச்சி' என்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

இனி, அது புதுசுதான் என்று நிரூபிக்க வேண்டும். சுலபம். பெயர் பெற்ற வண்டுகள் சுமார் நாலு லட்சம்தான். லின்னேயஸ் நூலின் 1758-ஆம் வருஷப் பதிப்பிலிருந்து, லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு என்று உங்கள் பிரிவில் எழுதப்பட்ட அத்தனையையும் படித்தால் போதும். எவரோ ஒருவர் 1880-இல் யாரும் படிக்காத பத்திரிகையில் நாலு வரி எழுதியிருந்தால், அவர் பெயரே நிற்கும். உங்களுடையது அடிக்குறிப்புக்குப் போகும். டார்வினின் வண்டு இதில் தப்பியது. முதுகுச் சிறகு குட்டைச் சட்டைபோல் இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும் 'ரோவ்' வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. உணர்கொம்பின் கணுக்கள் ரம்பப்பல் மாதிரி. எந்தப் பேரினத்திலும் பொருந்தாததால் அதற்கென்றே 'டார்வினிலஸ்' என்ற புதுப் பேரினம் உண்டாக்க வேண்டியதாயிற்று.

பெயர் வைப்பதில்தான் மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் பெயரையே வைக்க விதியில் தடையில்லை. வைத்தால் சக ஆய்வாளர்கள் சாகும்வரை சிரிப்பார்கள். தலைவர்கள் பெயர் வேண்டாம். 1937-இல் ஸ்லோவேனியக் குகையில் வாழும் ஒரு குருட்டு வண்டுக்கு ஹிட்லர் பெயரை வைத்தார்கள். ஆள் போய்விட்டார், விதிப்படி வைத்த பெயரை மாற்ற முடியாததால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயருக்காகவே அதைத் தேடிப் பிடித்து விற்கும் கூட்டமும் உண்டு. பாவம், அதற்குக் கண்ணே கிடையாது.

பாதுகாப்பான வழி, வேலை நேரத்தில் காதில் விழுவதை வைப்பது. வண்டுகளோடு மல்லுக்கட்டும்போது ஹாட்ஸிமனோலிஸ் கேட்டுக்கொண்டிருந்தவை நகைச்சுவை எழுத்தாளர் டேவிட் செடாரிஸின் ஒலிப்புத்தகங்கள். எனவே 'டார்வினிலஸ் செடாரிசி'. நீங்கள் மெகா சீரியலைப் போட்டுவிட்டு வேலை செய்பவராக இருந்தால், வில்லியின் பெயருக்குப் பின்னால் லத்தீனில் பெண்பால் விகுதி 'ஏ' என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில், பெயரைச் சுமக்கும் அந்த ஒற்றை வண்டுக்குச் சிவப்புச் சீட்டு மாட்டி, கட்டுரையை வெளியிட வேண்டும். நல்ல நாள் பார்ப்பதில் தப்பில்லை. இந்த வண்டின் கட்டுரை வந்தது பிப்ரவரி 12-இல், டார்வினின் 205-ஆவது பிறந்தநாளன்று.

பத்திரிகைக்காரர்கள் போன் செய்து, உயிரோடு ஒன்றைப் படம் எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். அதற்கும் தயாராக இருங்கள். கட்டுரை வெளிவந்தபோது இந்த இனத்தில் தெரிந்திருந்தவை மொத்தம் இரண்டே வண்டுகள். ஒன்று டார்வின் பிடித்தது. மற்றது 1935-க்கு முன் அர்ஜென்டினாவின் ரியோ குவார்ட்டோவில் பிடிபட்டு, பெர்லின் மியூசியத்தில் இருப்பது. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி இப்போது விளைநிலம்.