கண்டி வீதியின் மறுமுனை

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மலை முதலில் சித்திரக் கொப்பியில்தான் அறிமுகமாகும். இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், அடியில் ஓர் ஆறு. குடாநாட்டில் மலை கிடையாது. ஆறு என்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுண்டு. மற்றபடி சுண்ணாம்புக்கல், கிணறு, பனை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து தெற்கே புறப்படும் பெருந்தெருவுக்குக் கண்டி வீதி என்று பெயர். ஏ9 என்று உலகமறிந்த அந்தத் தெரு 321 கிலோமீட்டர் ஓடி மலைநாட்டின் வாசலில் போய் முடிகிறது.

எழுபதுகளில் அந்த வாசலைத் தாண்டி நுவரெலியா வரை போய்வருவது எங்கள் பக்கத்தில் பெரிய ஆசையாக இருந்தது. அரசாங்கம் உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் இறக்குமதியை இறுக்கிய காலம் அது. உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் செம்மண் தோட்டங்களில் காசு விளைந்தது. புதுக் கல்வீடு, இறைக்கிற மெசின், பிள்ளைகளுக்கு மேற்படிப்பு, அதற்கடுத்து நுவரெலியாப் பயணம். அங்கே அரசாங்க உத்தியோகத்தில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் அபூர்வம். ஹோட்டல் யோசனையே யாருக்கும் வராது.

இரவு மெயிலில் ஏறி, விடியப்புறம் பொல்கஹவெலையில் இறங்கி, கொழும்பிலிருந்து வரும் பதுளை ரயிலுக்கு மாறவேண்டும். கூடவே வரும் சாமான்கள் பல: பனங்கட்டிக் குட்டான், முருங்கைக்காய்க் கட்டு, வைக்கோலில் பொதிந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம். சுவெற்றர் எங்களிடம் இராது. பண்டாரவளையில் படிப்பித்துவிட்டு வந்த ஆசிரியர் வீட்டில் இரவல் வாங்குவோம். பூச்சி உருண்டை மணக்கும். நானுஓயாவில் இறங்கியதும் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துப் பெரியவர்களும் சின்னப்பிள்ளைகள் மாதிரி ஊதி ஊதிப் பார்ப்பார்கள்.

பார்த்தவை எல்லாம் நல்லவைதான். 1873இல் ஆளுநர் கிரகரி வெட்டுவித்த ஏரி, விக்டோரியா பூங்கா, 1894இல் கட்டிய செங்கல் தபாற்கந்தோர். காய்ச்சலுக்கு மருந்தான சிங்கோனாவைப் பயிரிட 1861இல் தொடங்கிப் பிறகு பூந்தோட்டமான ஹக்கல. போகிற வழியில் சீதை அம்மன் கோயில். அங்கே அம்மா நெடுநேரம் நின்று கும்பிட்டா. கடைசியில் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிப் படம் எடுத்தோம். கொழுந்துக் கூடை ஒன்றை இரவல் வாங்கி அக்காவின் முதுகில் போட்டு, கயிற்றை நெற்றியில் மாட்டி எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இன்றைக்கும் எங்கள் அல்பத்தில் இருக்கிறது. பின்னால் பச்சைச் சரிவு, மேலே மேகம். கூடைக்குச் சொந்தக்காரப் பெண் படத்துக்கு வெளியே நின்றாள்.

அந்தப் பெண் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. வழிகாட்டிய மாமாவும் சொல்லவில்லை. அவளுக்குப் பெரும்பாலும் எந்த நாட்டிலும் குடியுரிமை இருந்திராது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான அவளுடைய ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். நாங்கள் மலை பார்க்கப் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்கள் தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாக மலையிலிருந்து இறங்கி, அதே பொல்கஹவெலை வழியாகத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மலைக்குப் போன தண்டவாளத்தில்தான் அவர்கள் மலையை விட்டுப் போனார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் கிழங்குக்கு விலை கிடைத்த அந்தக் காலத்தில், 1973, 74இல், தேயிலைத் தோட்டங்களில் பட்டினி. கூப்பனுக்குக் கிடைத்த அரிசியும் மாவும் குறைந்து, லயங்கள் என்னும் வரிசைக் குடியிருப்புகளில் ஆட்கள் சோறில்லாமல் செத்தார்கள். பசிக்குப் பயந்த தாய்தகப்பன்மார் பிள்ளைகளை வீட்டுவேலைக்கு அனுப்பினார்கள். அப்படி யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வந்த பிள்ளைகளும் பலர். எட்டு, பத்து வயதில் கிணற்றடியில் பாத்திரம் கழுவிய அந்தப் பிள்ளைகளைத் தெரியாத ஒழுங்கை ஒன்றுகூட எங்கள் ஊரில் இருக்கவில்லை. எங்கள் செழிப்பும் அவர்களுடைய பட்டினியும் ஒரே ஆண்டுகளில் நடந்தவை என்பது எங்கள் ஊர் வரலாற்றில் தடித்த எழுத்தில் எழுதப்படவேண்டியது.

பிறகு யுத்தத்தில் எங்களுக்கும் வழி அடைபட்டது. 1990இல் யாழ்தேவி ரயில் நின்றது. குடாநாட்டிலிருந்து வெளியேறக் கிளாலிக் கடலில் இருட்டில் வள்ளமேறியவர்களுக்கு நுவரெலியா ஒரு வெளிநாடு. ரயிலையே கண்டிராத ஒரு தலைமுறை குடாநாட்டில் வளர்ந்து, கலியாணமும் கட்டியது. 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் மறுபடி திறந்தது. 2014 ஒக்ரோபர் 13ஆம் தேதி யாழ்தேவி யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பிவந்தபோது ஊரே மேடையில் நின்றது. அதே மாதம் 29ஆம் தேதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. எங்களுக்கு மலைக்கு ரயில் வழி திறந்த மாதத்தில் அங்கே மலை இறங்கி ஆட்களைப் புதைத்தது.

இப்போது எங்கள் ஊரிலிருந்து நுவரெலியாவுக்கு வான்கள் போகின்றன. ஏப்ரல் சீசனில் போகாதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். பூங்காட்சி, கார் ஓட்டம், குதிரை ஓட்டம் என்று தெருவே நகராது, அறை வாடகையும் கைக்கு எட்டாது. தை, மாசியில் போனால் வானம் தெளிந்திருக்கும், சில காலைகளில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ஹோட்டன் சமவெளிக்கு இருட்டோடு புறப்பட வேண்டும். 9 கிலோமீட்டர் சுற்று நடை. பத்து மணிக்குப் பிறகு போனால் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் மேகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. சிவப்புத் தபாற்கந்தோரில் ஒரு தபாலட்டை வாங்கி உங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்புங்கள். 2023இல் அந்தக் கட்டடத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கும் பேச்சு வந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தே எதிர்த்தார்கள்.

ஆனால் மலைப் பயணம் நுவரெலியாவில் தொடங்குவதில்லை. ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி வந்ததும் தொடங்கிவிடுகிறது. பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 1958இலும் 1977இலும் 1983இலும் கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையகத்துக் குடும்பங்கள். காடு வெட்டிக் காணியாக்கி, கடைசி யுத்தத்தையும் எங்களோடு சேர்ந்து சுமந்தவர்கள். ஜன்னலுக்கு வெளியே அவர்கள் வீடுகள் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நுவரெலியாவிலிருந்து ஹற்றன் பக்கம் போனால் தலவாக்கலை தாண்டி டெவன் நீர்வீழ்ச்சி. வான்கள் எல்லாம் நிற்கும். கைபேசியை நீட்டாத ஆள் இராது. அந்த டெவன் தோட்டத்தில்தான் 1977 மே மாதத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார். தோட்டக் காணிகளைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற கூட்டத்தில் அவர் இருந்தார். அவர் பெயரை அந்த இடத்தில் வைத்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் பார்த்து ரசிக்கிற பச்சைக்கு அவரும் ஒரு காரணம்.

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும் நேரம் பார்க்கவேண்டிய நேரம். இப்போது கூடை குறைந்து பைகள் வந்துவிட்டன. இடுப்பில் படங்கைச் சுற்றிய பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். தராசுக்காரர் பைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்துவிட்டு எண்ணைச் சொல்கிறார். ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 18 கிலோ பல இடங்களில் கேட்கிற எண். குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். விரல் நுனிகளைக் கவனித்தேன்: சாயம் ஏறிய கறுப்புக் கோடுகள் வெடிப்புக்குள் ஓடியிருந்தன, கழுவினாலும் போகாத கறுப்பு. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு இவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். 2021இல்தான் கிடைத்தது. அதற்குள் இலங்கைக் காசு சரியத் தொடங்கிவிட்டது. 2024இல் அது 1,350 ஆனது.

மடுவத்திலிருந்து இறங்கிவந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து நின்றா.

"எங்கிருந்து வர்றீங்க?"

"யாழ்ப்பாணத்திலயிருந்து, அம்மா."

"அவ்வளவு தூரத்துலருந்தா! வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

லயத்தில் அவவுடைய வீடு நாலாவது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டின பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒடுக்கமான இஸ்தோப்பு. கூரைத் தகரத்துக்குப் பாரமாகக் கற்கள். 1823 தொடங்கிக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக இந்த மலைக்கு வந்து இரு நூற்றாண்டு தாண்டிய மக்களில் பலர் இன்னும் சொந்தக் காணி இல்லாமல் இப்படித்தான் இருக்கிறார்கள். 2023இல் இதைச் சொல்லியே அவர்களின் பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் வந்த பாதையில் நடந்தார்கள். சுவரில் மகளுடைய பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் மாட்டுகிற அதே இடத்தில், கதவுக்கு நேரே.

தோட்டத்தில் கொடுத்த தூளில் ஊற்றிய சாயம் கறுகறு என்று இருந்தது. கூடவே சுட்ட ரொட்டியும் சம்பலும். பேச்சோடு பேச்சாக, எழுபத்தேழு கலவரத்தில் பெரியப்பா குடும்பம் கிளிநொச்சிக்குப் போய்விட்டதாகச் சொன்னா. கலியாணம், சாவு என்று அங்கே இவவும் போயிருக்கிறா. அதற்கு அப்பால், எங்கள் பக்கம், வந்ததே இல்லை.

"நல்லூர் கோயிலும் நயினாதீவும் பாக்கணும்னு எங்க அம்மா சொல்லிட்டே இருந்துச்சு. அதுக்குக் குடுத்து வைக்கல. எனக்கு கடல்ல போறதுக்குத்தான் பயம். படகு ரொம்ப ஆடுமா, ஐயா?"

பக்கத்து வீட்டுப் பெண்களும் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தியிடம் கொப்பித் தாள் வாங்கி எழுதிக்கொடுத்தேன். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் எடுக்கவேண்டும். பண்ணைப் பாலத்தில் ஏறினதிலிருந்தே இரண்டு பக்கமும் கடல் தெரியும், அதனால் ஜன்னலோரம் இருங்கள். குறிகட்டுவானில் இறங்கினால் எதிரே நயினாதீவு. படகு சின்ன நேரத்தில் போய்விடும், காலையில் கடல் அவ்வளவு ஆடாது. ஆனித் திருவிழாவுக்கு வந்தால் கூட்டம், ஆனால் நாகபூசணி அம்மன் தேர் பார்க்கலாம். சாப்பாட்டுக்கு யோசிக்கவேண்டாம், அங்கே அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. இரவு தங்க எங்கள் வீடு இருக்கிறது. கிளிநொச்சியில் இருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அடியில் எழுதி, விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டேன்.