காற்று சொன்ன சாட்சியம்

குளிர்பதன இயந்திரங்களுக்கான எச்.சி.எஃப்.சி-22 என்னும் வாயுவைத் தயாரிக்கும் ஆலைகளில் வேண்டாத சந்ததியாகப் பிறந்து, பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவினும் பன்னீராயிரம் மடங்குக்கு மேல் வல்லமை படைத்த எச்.எஃப்.சி-23 என்னும் விஷமக்காரனை, 2017-ஆம் ஆண்டுக்குள் ஏறக்குறைய முற்றிலும் பஸ்மமாக்கிவிட்டதாகச் சீனமும் பாரதமும் சமர்ப்பித்த கணக்குகளில், கணக்கு என்ற அளவில், குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால், அயர்லாந்தின் மேஸ் ஹெட் முனையிலும் டாஸ்மேனியாவின் கேப் கிரிமிலும் இன்ன பிற இடங்களிலும் காற்றை இழுத்துப் பரிசோதிக்கும் விஞ்ஞானிகள், 2018-இல் உலகெங்கும் அவ்வாயு சுமார் 15,900 டன் வெளியேறியதென்றும், அதற்கு முன் எவ்வாண்டிலும் இத்துணை வெளியேறியதில்லையென்றும், சபை மரியாதை சிறிதுமின்றி 2020-இல் பிரசுரித்துவிட்டார்கள்.

தேசங்கள் சமர்ப்பிக்கும் இத்தகைய வாயுக் கணக்குப் பட்டியல்கள் பெரும்பாலும் உற்பத்தி அளவை ஒரு குணகத்தால் பெருக்கித் தயாரிக்கப்படுபவை. வாய்பாடு புகை கக்குவதில்லை என்பது பிரசித்தம். பிரிட்டன், சுவிட்சர்லாந்து போன்ற சில தேசங்கள் தம் பட்டியலைக் காற்றோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தாமே பகிரங்கப்படுத்தும் விசித்திர வழக்கமுடையவை. சர்வதேச விதிகளில் அது கட்டாயமில்லையாதலால், மற்றவர்களில் பலர் காற்றைச் சாட்சிக்கு அழைத்து வீண் சிரமம் கொடுப்பதில்லை.