தங்கும் எண்ணம் உண்டா?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையை ஒட்டிய உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமை மேசை பிடிப்பது லேசான காரியமில்லை. அன்று எனக்கு மேசையும் கிடைத்தது, தே தாரிக்கும் கிடைத்தது, எதிரே உட்கார வேதாரண்யத்துத் தம்பி ஒருவனும் கிடைத்தான். தனியார் கல்லூரி ஒன்றில் டிப்ளோமா படிக்கிறான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரட்டை அடுக்குக் கட்டில் மூன்று போட்ட அறையில், ஒரு மேல்கட்டிலுக்கு வாடகை கொடுத்து இருந்தவன். காலி செய்தபோது வீட்டுக்காரர் முன்பணத்தைத் தரவில்லை. மெத்தையில் கறையாம். அந்த மெத்தையில் இவனுக்கு முன்னால் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதை மூட்டைப்பூச்சிகளைத்தான் சாட்சிக்கு அழைத்துக் கேட்க வேண்டும்.

"கேஸ் போடுவேன்னு சொன்னேண்ணே. 'ஸ்டூடன்ட் பாஸ் முடிஞ்சா ஊருக்குப் போற ஆளு நீ, உனக்கென்னடா கேஸ்'னுட்டாரு."

அந்த வீட்டுக்காரர் சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் சட்டம் படித்தவர்கள் நூற்றைம்பது வருடமாக ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதித் தள்ளியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவர்கள் அதற்கு டொமிசைல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் உன் வீடு எது என்ற கேள்வி. நீ எங்கே தூங்கி எழுகிறாய் என்பது தபால்காரருக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. அங்கேயே இருந்துவிடும் எண்ணம் உண்டா என்று நெஞ்சைப் பிளந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால், நீ பிறந்தபோது உன் அப்பனுக்கு எது வீடோ அதுதான் உனக்கும் வீடு. அனுமார் நெஞ்சைப் பிளந்தால் ராமர் தெரிந்தார். மாணவன் நெஞ்சைப் பிளந்தால் வாடகை பாக்கிதான் தெரியும்.

இந்த விளையாட்டை அமெரிக்காக்காரர்கள் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். இரண்டு தரப்பும் வேறு வேறு மாநிலத்தவராகவோ, ஒரு தரப்பு வெளிநாட்டவராகவோ இருந்தால்தான் சாதாரண சிவில் வழக்கு ஒன்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் படியேற முடியும். பிணக்கின் மதிப்பும் இன்றைய கணக்கில் 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். அங்கே சட்டம் படிக்கிறவர்கள் முதல் வருடமே கரைத்துக் குடிக்கும் வழக்கு, 1974இல் தீர்ப்பான மாஸ் எதிர் பெர்ரி. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த புதுமணத் தம்பதி; கணவர் பிரெஞ்சுக்காரர், மனைவி மிசிசிப்பி மாநிலத்துப் பெண். பேட்டன் ரூஜ் நகரில் வாடகைக்கு இருந்தார்கள். படுக்கையறையிலும் குளியலறையிலும் மாட்டியிருந்த கண்ணாடிகள் இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னல் பக்கம் நின்றவர் வீட்டுக்காரர். நடுவர் குழு கணவருக்கு 5,000 டாலரும் மனைவிக்கு 15,000 டாலரும் கொடுக்கச் சொன்னது.

மேல்முறையீட்டுக்குப் போன வீட்டுக்காரர் என்ன வாதம் வைத்தார் தெரியுமா? நான் பார்க்கவே இல்லை என்றா? தப்புதான், தொகையைக் குறையுங்கள் என்றா? அந்தப் பெண் எந்த மாநிலத்துக்காரி என்று கேட்டார்! என் மாநிலத்திலேயே குடியிருந்தவள், ஆகவே கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இந்த வழக்கில் வேலையில்லை என்றார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்த மனிதருக்கு அவள் மனசுக்குள்ளும் எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி மாட்டிக் கொடுத்தது சட்டம்.

அவள் ஜெயித்தாள். எப்படி ஜெயித்தாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேட்டன் ரூஜில் இருந்தது படிப்புக்காக, ஆகவே அது வீடாகாது. மிசிசிப்பிக்குத் திரும்பும் எண்ணம் அவளுக்கு இல்லை. அதனாலென்ன, புது வீடு அமையும்வரை பழையதே வீடு. ஆகக்கூடி, போக விரும்பாத ஊர் வீடு, வாடகை கொடுத்துத் தூங்கிய ஊர் வீடில்லை. இன்னொருவர் ஒளிந்து நின்று பார்க்கிற அளவுக்கு மட்டும் அது வீடாக இருந்திருக்கிறது.

இதே கோட்பாடு பணக்காரனிடம் எப்படிக் குழைகிறது என்பதையும் பாருங்கள். வைனன்ஸ் என்று ஓர் அமெரிக்கச் சீமான். சுருட்டு வடிவக் கப்பல் கட்டி இங்கிலாந்தின் கடல் வணிகத்தைக் கவிழ்க்கப் போவதாகக் கனவு கண்டவர். அந்தக் கனவை இங்கிலாந்திலேயே உட்கார்ந்து முப்பத்தேழு வருடம் கண்டு, 1897இல் செத்துப் போனார். வாரிசுப் பணத்துக்கு வரி கேட்டது அரசு. இங்கிலாந்து அவருக்கு வீடே ஆகவில்லை, அவர் மனசு அமெரிக்காவில் இருந்தது என்று 1904இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. வரி இல்லை. சீமானுக்கு வீடு இல்லையென்றால் வரி போகிறது. மாணவனுக்கு வீடு இல்லையென்றால் முன்பணம் போகிறது.

டொமிசைல் விஷயத்தில் அந்த ஆங்கிலேயச் சட்டத்தின் வழியில்தான் சிங்கப்பூரும் நடக்கிறது. இங்கே மாநிலம் கிடையாது. கிழக்குக்கும் மேற்குக்கும் ஐம்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனாலும் வீடு எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு கவுன்டரிலும் ஒரு பதில் வைத்திருக்கிறோம். தொடக்கநிலை ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கிற பெற்றோரைக் கேளுங்கள். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் ஒரு ஜாதி, இரண்டுக்குள் என்றால் இன்னொரு ஜாதி, அதற்கு அப்பால் என்றால் கடைசி வரிசை. அந்த முகவரியைக் காட்டி இடம் வாங்கினால் குறைந்தது முப்பது மாதம் அங்கே குடியிருந்தாக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்காகக் குடும்பமே மூட்டை கட்டுகிறது. தங்கும் எண்ணத்தை மாதக் கணக்கில் அளந்து காட்டிய பெருமை நம்முடையது.

வழக்குக்கு வருவோம். வழக்குத் தொடுக்கிறவர் வழக்கமாக வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், தோற்றால் எதிராளிக்கு ஆகும் செலவுக்கு முன்கூட்டியே ஈடு கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2021ஆம் வருட நீதிமன்ற விதிகளில் ஆணை 9, விதி 12. நியாயம் இல்லாமல் இல்லை. தோற்றுவிட்டு விமானம் ஏறிவிட்டால் யாரைப் பிடிப்பது? ஆனால் ஜெயித்துவிட்டு விமானம் ஏற வைக்கப்பட்டவனுக்கு யார் ஈடு கட்டுவது என்று எந்த ஆணையிலும் காணோம்.

இந்த எண்ண வியாபாரத்தின் உச்சக்கட்டம் விசாக் கவுன்டர். சென்னையில் ஜெமினி பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் வரிசையில் நிற்கிற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த நாட்டு வீட்டைக் கைவிடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை என்று காட்டினால்தான் மாணவர் விசா. அதை எழுதியே வைத்திருக்கிறது அவர்கள் சட்டம். உள்ளே போனபின், நான் இந்த ஊர்க்காரன் என்று வாய் திறந்தால் விசா வாங்கும்போது பொய் சொன்னாயா என்பார்கள். இல்லை என்றால், அப்புறம் எதற்கு இங்கே உரிமை கேட்கிறாய் என்பார்கள். ஒரு கவுன்டரில் எண்ணம் இருந்தால் குற்றம், பக்கத்துக் கவுன்டரில் எண்ணம் இல்லாவிட்டால் குற்றம். மாணவன் எண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கவுன்டருக்குத் தக்கபடி எடுப்பதும் மறைப்பதுமாக அலைய வேண்டும்.

நாம் அவ்வளவு முரட்டுத்தனமாகச் செய்வதில்லை. பாஸ் கொடுக்கும்போது கெடுத் தேதி போட்டுக் கொடுக்கிறோம். அதே நேரம் பல்கலைக்கழகத்தில் படிப்பு மானியம் வாங்கிய வெளிநாட்டு மாணவனிடம், படித்து முடித்ததும் மூன்று வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறோம். தங்கும் எண்ணம் அவனுக்கு இருக்கக் கூடாது. நமக்கு மூன்று வருடத்துக்கு இருக்கலாம்.

எனக்கு வயிறு எரிவது இன்னோர் இடத்தில். தேக்காவிலிருந்து நாலு எட்டு வைத்தால் புக்கித் தீமா ரோட்டில் கேகே மருத்துவமனை. இந்தத் தீவில் பாதிப் பேர் அழுதுகொண்டே வந்திறங்கிய துறைமுகம் அதுதான். அங்கே ஒரு பிள்ளை பிறக்கிறது. அப்பா, அம்மா இருவருமே குடிமக்கள் இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர், நேரம், இடம் எல்லாம் இருக்கும். கூடவே ஒரு வரியும் இருக்கும்: பிறந்தபோது இக்குழந்தை சிங்கப்பூர்க் குடிமகன் அல்ல. தொப்புள் கொடி காயவில்லை, அதற்குள் அல்ல. பள்ளிக்குப் போனால் கட்டணப் பட்டியலில் இவன் அனைத்துலக மாணவன். அதிலும் ஆசியானுக்குள்ளா வெளியேயா என்று ஒரு பிரிவு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை ஆசியான். கேகேயில் பிறந்து, தேக்காவில் இட்லி தின்று வளர்ந்தாலும் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் ஆசியானுக்கு வெளியே, கட்டணம் இன்னும் மேலே.

பெற்றோர் நிரந்தரவாசிகளாகி, பிள்ளைக்கும் அது கிடைத்துவிட்டது என்று வையுங்கள். நிரந்தரம் என்றால் நிரந்தரம் இல்லை. வெளிநாடு போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதி வேண்டும், அதை வழக்கமாக ஐந்து வருடத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். பையனுக்குப் பதினாறரை வயது ஆகிறது. அன்றுவரை சந்தேகக் கண்ணோடு பார்த்த ஊருக்குத் திடீரென்று அவன்மேல் பாசம் பொங்குகிறது. வா மகனே, தேசிய சேவைக்குப் பதிந்துகொள், இரண்டு வருடம் துப்பாக்கி தூக்கு. மாட்டேன் என்று நிரந்தரவாசத்தைக் கைவிட்டுப் போனால், பின்னாளில் படிக்கவோ வேலைக்கோ திரும்பி வரும்போது அது அவன் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். சேவையில் எனக்குக் குறையில்லை. ஊரைக் காப்பது கௌரவம்தான். காடு கழனியில் காவல் நிற்கும்போது நம்ம வீட்டுப் பிள்ளை, குடியுரிமைக்கு மனுப் போடும்போது மட்டும் விண்ணப்பதாரர் என்கிறீர்களே, அதுதான் தொண்டையில் முள்.

எந்தப் படிவமும் கேட்காமல் இந்தத் தீவில் தங்க வைக்கப்பட்ட இந்தியர்களும் உண்டு. கைதிகள். 1825இல் பென்கூலனிலிருந்து அவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானாவையும் கட்டியது அவர்கள் உழைப்பு. தங்கும் எண்ணம் உண்டா என்று அவர்களை ஒருவரும் நெஞ்சைப் பிளந்து பார்க்கவில்லை, தண்டனையே அதுதானே. இன்று கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் போனால் முன்னோர் வந்த கதை குளிரூட்டிய அறையில் விளக்குப் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே இருந்தால் வேர். வெளியே வரிசையில் நின்றால் வரிசை எண்.

தாய்நாட்டுக்குப் போனாலாவது அரவணைப்பார்களா என்றால், அங்கே பூர்வீகச் சான்றிதழ் என்று வேறு ஒரு பூதம். இந்தியாவில் மாநில டொமிசைல் என்று ஒன்று கிடையாது, நாடு முழுவதற்கும் ஒரே டொமிசைல்தான் என்று பிரதீப் ஜெயின் வழக்கில் 1984லேயே சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். நாற்பது வருடம் கழித்து, 2025 ஜனவரியில், முதுநிலை மருத்துவ இடங்களுக்காக மறுபடியும் அதையே சொல்ல வேண்டி வந்தது. சிங்கப்பூரிலிருந்து போகிற நம் பிள்ளைக்கு பூர்வீகச் சான்று வேண்டியதில்லாத ஒரு கதவு அங்கே எப்போதும் திறந்திருக்கிறது: என்ஆர்ஐ கோட்டா. பணத்தைக் கொண்டு வா, பூர்வீகம் தானாக வரும்.

ஆறிப்போன தே தாரிக்கில் ஆடை படிந்துவிட்டது. தம்பி போனைத் திருப்பிக் காட்டினான். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தின் விண்ணப்பம். அந்த மன்றம் ஒரு நல்ல காரியம் என்பதை மறைக்கக் கூடாது. இருபதாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கை, இரண்டு வருடத்துக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் அங்கே போகலாம். வக்கீல் கூடாது. வீட்டுக்காரரும் இவனும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். நெஞ்சைப் பிளக்கிற வேலை இல்லை. ஆனால் பாஸ் அடுத்த மாதத்தோடு முடிகிறது. விசாரணைக்கு எந்தத் தேதி போடுவார்களோ, அன்றைக்கு இவன் எந்தக் கரையில் இருப்பானோ. வீட்டுக்காரருக்கு அந்தக் கணக்கு தெரியும். கறை மெத்தையில் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

அடுத்து இன்னொரு தாளை எடுத்தான். கல்லூரியில் கொடுத்தது, படிப்பு முடிகிறவர்கள் நிரப்ப வேண்டியது.

"நிரந்தர முகவரின்னு கேட்டிருக்காங்கண்ணே. என்ன எழுத?"

"பாஸ்போர்ட்ல இருக்கறத எழுது."

"அது கஜால போன வீடுண்ணே."

கஜா புயல், 2018 நவம்பர் 16. வேதாரண்யத்தில் தென்னையெல்லாம் தலைகீழாகக் கிடந்த விடியல். கூரை பறந்தது, சுவர் அடுத்த மழையில் கரைந்தது, அம்மாவும் தங்கையும் திருப்பூரில் வாடகைக்கு இருக்கிறார்கள். அதற்கும் பதினொரு மாத ஒப்பந்தம்தான்.

"அதையே எழுதுறா" என்றேன்.

எழுதினான். கதவு எண்ணுக்கு வந்தபோது பேனா நின்றது. பின்கோடு மட்டும் நினைவிருந்தது.