பந்தி வஞ்சனை

கேள்வி: லேசரால் முடுக்கிய எலெக்ட்ரான் கற்றையின் தரத்தைப் பிளாஸ்மா உயர்த்துகிறதாமே, அதைக் கெடுப்பதே பிளாஸ்மாதான் என்றும் சொல்கிறார்களே? (வாசகர், திருமலை, ஆரணி)

பதில்: இரண்டும் உண்மை, குற்றவாளியே வைத்தியராகவும் வருகிறார். அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து திரியும் வாயுவான பிளாஸ்மாவில் வலிமைமிக்க லேசர் துடிப்பு பாயும்போது அதன் பின்னால் மின்புல அலை எழும் என்றும், அவ்வலை எலெக்ட்ரான்களை முடுக்கும் என்றும் 1979இல் தஜிமாவும் டாசனும் கணித்தனர். வழக்கமான முடுக்கி பல மீட்டர் ஓடித் தரும் ஆற்றலை இது சில மில்லிமீட்டரில் தந்துவிடுகிறது. இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்திலும் இவ்வகை ஆய்வு நடைபெறுகிறது.

அலையிடம் கஞ்சத்தனம் இல்லை, பந்தி வஞ்சனை உண்டு: முன்னால் செல்லும் எலெக்ட்ரான்களைவிடப் பின்வரிசைக்கு அது பெரும்பாலும் கூடுதலாகப் பரிமாறுவதால், ஆற்றல் பரவல் எனப்படும் ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. அக்கற்றையை இரண்டாவது பிளாஸ்மாவுக்குள் செலுத்தினால், இம்முறை கற்றையே எழுப்பும் அலை, முன்பகுதியை ஏறத்தாழ விட்டுவிட்டு, வால்பகுதியைப் பின்னிழுத்து மிகையைப் பறித்துக்கொள்கிறது. ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் இவ்வழியாகப் பரவல் 1.31 விழுக்காட்டிலிருந்து 0.33 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அக்கற்றை லேசருக்குப் பிறந்ததன்று, வழக்கமான முடுக்கியின் பிள்ளை.