ஆஸ்கர் ஆருட நூல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். நுதலிய பொருள், ஆஸ்கர் விருது யாருக்குப் போகும் என்பதை உறை பிரிக்கும் முன்பே சொல்லும் கலை. எல்லை, ஜனவரி தொடங்கி மார்ச் வரை. கேட்போர், அமெரிக்க அலுவலகங்களில் ஆளுக்குப் பத்து டாலர் போட்டுப் பந்தயம் கட்டுவோரும், நம்மூரில் திங்கட்கிழமை விடியற்காலை அலாரம் வைத்து எழுவோரும். பயன், முன்னவர்க்குச் சில டாலர். பின்னவர்க்கு அன்று முழுவதும் கொட்டாவி.

இக்கலைக்குத் தொன்மை போதாது. அந்தப் பழி விருது கொடுத்தவர்களையே சேரும். 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் முதல் விழா நடந்தது. வென்றவர் யார் யார் என்பது பிப்ரவரியிலேயே ஊருக்குத் தெரியும். விழா கால் மணி நேரத்தில் முடிந்தது. ஆருடம் சொல்ல யாராவது அங்கே போயிருந்தால், சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பார். பிறகு முடிவை விழா இரவு வரை மறைத்தார்கள். ஆனால் அச்சுக்கு வசதியாகப் பத்திரிகைகளுக்கு மட்டும் பட்டியலை முன்பே கொடுத்து, இரவு 11 மணி வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். பத்திரிகைக்காரரிடம் ரகசியத்தைக் கொடுத்துவிட்டு நேரம் குறித்துக் கொடுத்த அந்த வெள்ளை மனதை என்னவென்று சொல்வது! 1940இல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் இரவு 8.45 பதிப்பிலேயே பட்டியலைப் போட்டுவிட்டது. வழியில் பேப்பர் வாங்கியவர்கள் முடிவு தெரிந்தே விருந்துக்குள் நுழைந்தார்கள். மறு ஆண்டு ஒட்டிய உறை வந்தது. ஆகவே இக்கலையின் பிறந்த ஆண்டு 1941 என்க. இதைத் தோற்றுவித்தவர் வாக்குத் தவறிய அந்தப் பத்திரிகை ஆசிரியரே. அவருக்கு எங்கும் சிலை இல்லை.

நூற்பா 1

படம்பார்த்துக் கணிப்போன் பழுதுறும், பாராது
பிறர்முகம் பார்ப்போன் பிழைக்கும் என்ப.

உரை: ஆருடக்காரனுக்கு முதற்பகை அவன் ரசனை. படம் பார்த்தால் பிடித்துப்போகும். பிடித்துப்போனால், வாக்களிக்கும் ஏறத்தாழ பத்தாயிரம் அகாடமி உறுப்பினர்களுக்கும் அது பிடித்திருக்க வேண்டும் என்று நெஞ்சு வாதாடும். எந்தப் படம் நல்ல படம் என்பது இந்நூலுக்குப் புறம்பான கேள்வி. எந்தப் படத்தை நல்லது என்று அவர்கள் சொல்வார்கள் என்பதே கேள்வி. அவர்களிலும் பலர், மற்றவர் எதைச் சொல்வார் என்று பார்த்துத்தான் சொல்கிறார்கள். எனவே முறைப்படி பயின்ற ஆருடக்காரன் டிசம்பர் மாதத்தில் தியேட்டர் இருக்கும் தெருவைக்கூடத் தவிர்ப்பான். கோல்டன் குளோப் முடிவு, தயாரிப்பாளர் சங்க முடிவு, பிரிட்டனின் பாஃப்டா முடிவு, இவ்வளவும் கையில் இருந்தால் போதும்.

அன்பு எப்படிக் கணக்கைக் கெடுக்கும் என்பதற்கு 2021 ஏப்ரல் 25 விழா சான்று. நடிகர் சாட்விக் போஸ்மன் முந்தைய ஆகஸ்டில் இறந்திருந்தார். 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' அவருடைய கடைசிப் படம். கோல்டன் குளோப் அவருக்குப் போயிற்று, நடிகர் சங்க விருதும் போயிற்று. ஆஸ்கரும் போகும் என்று ஆருடக்காரரில் பெரும்பாலோர் சொன்னார்கள், அதில் வியப்பில்லை. விழாவை நடத்தியவர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள் என்று பார்த்தவர்கள் பலரும் முடிவு கட்டினார்கள். காரணம், வழக்கமாகக் கடைசியில் வரும் சிறந்த படத்தை அன்று முன்னே தள்ளி, சிறந்த நடிகரைக் கடைசியில் வைத்திருந்தார்கள். கண்ணீரோடு திரை விழும் என்பது எதிர்பார்ப்பு. ஹோவாக்கின் ஃபீனிக்ஸ் உறையைப் பிரித்தார். உள்ளே இருந்த பெயர் ஆன்டனி ஹாப்கின்ஸ், 'தி ஃபாதர்'. அவர் அங்கே இல்லை. 83 வயது மனிதர், வேல்ஸில் இருந்தார். அங்கே அப்போது விடியவே இல்லை. வென்றவர் சார்பில் அகாடமி விருதை ஏற்றுக்கொள்கிறது என்று ஃபீனிக்ஸ் சொன்னார், விழா அதோடு முடிந்தது. மறுநாள் காலையில் ஹாப்கின்ஸ் ஒரு காணொளியில் நன்றி சொல்லி, போஸ்மனையும் நினைவுகூர்ந்தார். அந்த இரவில் மரியாதையாக நடந்துகொண்டவர் மேடைக்கே வராத அவர்தான் என்பது என் கருத்து. அது நிற்க. பாஃப்டா விருது அந்த ஆண்டு ஹாப்கின்ஸுக்கே போயிருந்தது. பிறர்முகம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நூற்பா 2, 3

இவ்விரண்டும் நீக்கப்பட்டன. நடிகர் சங்கத்தின் குழு நடிப்புப் பட்டியலில் இல்லாத படம் சிறந்த படமாகாது என்பது இரண்டாவது. அதை 2018இல் 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' கொன்றது. இயக்குநர் பெயர் பட்டியலில் இல்லாத படம் வெல்லாது என்பது மூன்றாவது. அதை 'ஆர்கோ' காயப்படுத்தியது, 'கிரீன் புக்' படுக்கையில் தள்ளியது, 2022இல் 'கோடா' அடக்கம் செய்தது. எண்களை மாற்றினால் மாணாக்கர் குழம்புவர் என்பதால் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது.

நூற்பா 4

தொகுப்பில் இடம்பெறாப் படம்வெல் லாதே;
வெல்லின் அதற்கொரு காரணம் உளதே.

உரை: இந்நூலின் உச்சி இது. படத்தொகுப்புக்குப் பரிந்துரை பெறாத படம் சிறந்த படமாவதில்லை. 1981இல் 'ஆர்டினரி பீப்பிள்' அப்படி வென்றது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு படமும் வெல்லவில்லை. எதனால் இப்படி என்று கேட்கும் மாணாக்கன், எடிட்டிங் நன்றாக இருந்தால்தானே படம் நன்றாக இருக்கும் என்று தானே விடையும் சொல்லிக்கொள்வான். அவன் வகுப்பிலிருந்து வெளியேற்றத் தக்கவன். விதிக்குக் காரணம் தேடுவது கற்றுக்குட்டி வேலை. எண்ணிக்கை போதும்.

2015இல் 'பேர்ட்மேன்' தொகுப்புக்குப் பரிந்துரை இல்லாமலே வென்றது. ஆருட உலகம் அரை நாள் துக்கம் காத்தது. பிறகு காரணம் கிடைத்தது. அந்தப் படம் முழுவதும் ஒரே ஷாட்டில் எடுத்தது போலத் தோன்றும். வெட்டே தெரியாத படத்துக்கு வெட்டுக்கான பரிந்துரை எப்படி வரும்? விதி பிழைத்தது. ஒரே ஷாட் போலத் தோன்றும் படங்களுக்கு இவ்விதி செல்லாது என்று ஒரு புறனடை சேர்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாண்டு கழித்து '1917' வந்தது. அதுவும் ஒரே ஷாட் போலத் தோன்றும் படம். அதற்கும் தொகுப்பில் பரிந்துரை இல்லை. தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், பாஃப்டா, கோல்டன் குளோப் என நாலு திசையும் அதன் பக்கம். புறனடையும் அதற்கென்றே தைத்த சட்டை போல இருந்தது. வென்றதோ 'பாரசைட்'. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று சிறந்த படமானது அதுவே முதல் முறை. மறுநாள் அறிஞர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். தொகுப்புக்கான பரிந்துரையில் 'பாரசைட்' இருந்தது! ஆக விதி முதலிலேயே சரியாகச் சொல்லியிருக்கிறது. நாம்தான் புறனடையை நம்பிக் கெட்டோம். புறனடை நீக்கப்பட்டு, விதி முன்னிலும் பொலிவோடு அரியணை ஏறியது. இரண்டே ஆண்டில் 'கோடா' வந்து, தொகுப்பும் இல்லாமல், இயக்குநரும் இல்லாமல், மொத்தமே மூன்று பரிந்துரை பெற்று மூன்றையும் வென்றது. அது ஒரே ஷாட் படமும் அன்று. அதற்கான காரணம் 'உளதே' என்ற அளவில்தான் இருக்கிறது. இன்னும் யாருக்கும் அகப்படவில்லை.

நூற்பா 5

ஒப்பனை சென்ற வழியே நடிப்பும்
செல்லும் என்ப, செல்லாமையும் உண்டே.

உரை: பழைய உரைகாரர் இதை மூக்கு விதி என்பார்கள். 'தி அவர்ஸ்' படத்தில் நிக்கோல் கிட்மன் பொய் மூக்கு ஒட்டி வர்ஜீனியா வுல்ஃப் ஆனார், 2003இல் விருது. அன்று முதல் மூக்கின் நீளத்துக்கும் விருதின் தூரத்துக்கும் தொடர்பு உண்டு என்ற கொள்கை வலுத்தது. 'ஃபாக்ஸ்கேட்சர்' படத்தில் ஸ்டீவ் கரெல் மூக்கு ஒட்டினார், பரிந்துரையோடு நின்றது. 'மேஸ்ட்ரோ' படத்தில் பிராட்லி கூப்பர் ஒட்டினார். படம் வருமுன்பே அந்த மூக்கைப் பற்றி ஊரெல்லாம் சண்டை, விருது கிலியன் மர்ஃபிக்குப் போயிற்று. அவர் 'ஓப்பன்ஹைமர்' முழுவதும் சொந்த மூக்கோடே வந்திருந்தார்.

எனவே நவீனர் மூக்கை விட்டு ஒப்பனை விருதைப் பிடித்தார்கள். 2018இல் 'டார்கஸ்ட் ஹவர்' ஒப்பனைக்கு வென்றது, சர்ச்சிலாக வந்த கேரி ஓல்ட்மனும் வென்றார். 2022இல் 'தி ஐஸ் ஆஃப் டாமி ஃபே' ஒப்பனை, ஜெசிகா சாஸ்டெய்ன் நடிகை. 2023இல் 'தி வேல்' ஒப்பனை, பிரெண்டன் ஃபிரேசர் நடிகர். 2024இல் 'புவர் திங்ஸ்' ஒப்பனை, எம்மா ஸ்டோன் நடிகை. மூன்று ஆண்டு தொடர்ந்து ஒன்று நடந்தால் இத்துறையில் அது இயற்கை விதி. 2025இல் 'தி சப்ஸ்டன்ஸ்' ஒப்பனைக்கு வென்றதும் அதன் நாயகி டெமி மூருக்குப் பந்தயம் கட்டியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். போதாததற்கு கோல்டன் குளோபும் நடிகர் சங்க விருதும் அவர் வீட்டில். ஆஸ்கர் 'அனோரா'வின் மைக்கி மேடிசனுக்குப் போயிற்று. பாஃப்டா அவருக்குத்தான் போயிருந்தது என்பதை இங்கே இரண்டாம் முறையாகச் சுட்ட வேண்டியிருக்கிறது. நூற்பாவின் இரண்டாம் அடி அந்த மார்ச்சில் சேர்க்கப்பட்டது.

நூற்பா 6

இயக்குநர் சங்கம் எவர்பெயர் சொல்லுமோ
அவர்பெயர் சொல்லி அமைதல் நன்றே.

உரை: அமெரிக்க இயக்குநர் சங்கம் யாருக்குக் கொடுத்ததோ அவருக்கே ஆஸ்கரும் போகும். 1948ஆம் ஆண்டுப் படங்கள் தொடங்கி 2024ஆம் ஆண்டுப் படங்கள் வரை எட்டே முறை தவறியது. இவ்வளவு நம்பகமான விதியில் விவாதிக்க எதுவும் இல்லாததால் அறிஞர்கள் இதை மதிப்பதில்லை. நானும் மேலே செல்கிறேன்.

நூற்பா 7

பலர்விரும் பும்படம் தோற்பினும் தோற்கும்;
எவரும்வெறுக் காப்படம் எளிதின் வெல்லும்.

உரை: மற்றப் பிரிவுகளில் அதிக வாக்கு வாங்கியவர் வென்றார், கதை முடிந்தது. சிறந்த படத்துக்கு மட்டும், 2009ஆம் ஆண்டுப் படங்கள் முதல், வேறு கணக்கு. வாக்காளர் பட்டியலில் உள்ள படங்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துகிறார். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிடம் வாங்காவிட்டால், கடைசியில் நிற்கும் படத்தைக் கழித்துவிட்டு, அதன் சீட்டுகளில் அடுத்ததாக எழுதியிருக்கும் படத்துக்கு அந்த வாக்குகளை மாற்றுகிறார்கள். ஏதோ ஒன்று பாதியைத் தாண்டும் வரை இது நடக்கும். வரன் பார்க்கும்போது பெண்ணுக்குப் பிடித்தவன் ஒருவன், அப்பாவுக்குப் பிடித்தவன் ஒருவன் என்று இழுபறி ஆகி, கடைசியில் பெரியப்பா முதல் சின்ன அத்தை வரை யாரும் குறை சொல்லாத மூன்றாமவன் மாப்பிள்ளை ஆவதில்லையா, அதுவே இது. 'ரோமா'வுக்கு இயக்குநர் விருது, 'கிரீன் புக்' மாப்பிள்ளை. 'தி பவர் ஆஃப் தி டாக்' பன்னிரண்டு பரிந்துரையில் இயக்குநர் விருது ஒன்றோடு வீடு திரும்பியது, 'கோடா' மாப்பிள்ளை.

2017 இங்கே தனியே நோக்கத் தக்கது. 'லா லா லேண்ட்' பதினான்கு பரிந்துரை பெற்றிருந்தது. ஆருடக்காரரில் பெரும்பாலோர் அதன் பக்கம். சிறந்த படத்தை அறிவிக்க வந்த வாரன் பேட்டி உறையைப் பிரித்தார். அட்டையைப் பார்த்தார், உறைக்குள் இன்னொரு முறை பார்த்தார், அட்டையை ஃபே டனவேயிடம் நீட்டினார். அவர் 'லா லா லேண்ட்' என்றார். அது சிறந்த நடிகைக்கான உறையின் மறுபிரதி. மேடையின் இரு பக்கமும் ஒவ்வொரு கட்டு உறை வைப்பது வழக்கமாதலால் வந்த வினை. தயாரிப்பாளர்கள் குடும்பத்தாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் திருத்தம் வந்தது. வென்றது 'மூன்லைட்'. அந்த ஆண்டு 'லா லா லேண்ட்' என்று சொன்னவர்களை முற்றும் தவறியவர்கள் என்று ஒதுக்குவது நியாயமன்று. சில நிமிடம் அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இனிக் கணிப்புகளைச் சரி, தவறு என்று பிரிக்காமல், எவ்வளவு நேரம் சரியாக இருந்தன என்று அளக்க வேண்டும் என முன்மொழிகிறேன்.

குறும்படப் பிரிவுகளுக்கு விதி கிடையாது. பந்தயத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இவற்றால்தான், ஆனால் யாரும் பார்த்திருப்பதில்லை. தலைப்பைப் பார்த்துக் குத்துவதே நெறி. 2023இல் முதுமலை தெப்பக்காடு முகாமில் ரகு, அம்மு என்ற யானைக்குட்டிகளை வளர்த்த கதையான 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படத்துக்கு வென்றது. படத்தில் பேச்சு தமிழ். நம்மவர் பலர் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். பாசத்தால் சொன்னார்கள், பலித்தும்விட்டது. முறைதவறிய வெற்றி என்பதால் இந்நூல் அதை ஏற்காது. ஆனால் அன்று காலை உரையாசிரியனும் கைதட்டினான்.

புறனடை

சொல்லாது நிகழ்வன நிகழின் அவற்றையும்
சொல்லிய தாகக் கொளலே கடனே.

உரை: இது வெளிப்படை. ஒன்று மட்டும் கூற வேண்டும். 2025 ஏப்ரலில் அகாடமி ஒரு புது விதி அறிவித்தது. 2026 விழா முதல், ஒரு பிரிவில் இறுதி வாக்களிக்க வேண்டுமானால் அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டுமாம். இத்தனை ஆண்டு அப்படி ஒரு கட்டாயம் எல்லாப் பிரிவுக்கும் இல்லை என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம். செய்தியைப் படித்தபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. வாக்காளர் படம் பார்க்கத் தொடங்கினால் அவருக்கும் ரசனை வந்துவிடும். பத்தாயிரம் பேருக்கு ரசனை வந்தபின் எந்தச் சங்கத்தின் முகத்தைப் பார்த்து நாம் ஆருடம் சொல்வது?

பிறகு விதியை முழுதாகப் படித்தேன். அகாடமியின் சொந்தத் தளத்தில் படம் பார்த்தால் கணினியே குறித்துக்கொள்ளும். தியேட்டரிலோ திரைப்பட விழாவிலோ பார்த்ததாகச் சொல்பவர், எங்கே பார்த்தேன், எப்போது பார்த்தேன் என்று ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். படிவம் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அந்தத் தளத்திலும் படம் ஓடியது பதிவாகும்; எதிரே நாற்காலியில் ஆள் இருந்தாரா, அடுக்களையில் இருந்தாரா என்பது பதிவாகாது. இதற்கென எட்டாம் நூற்பா ஒன்று யாத்து வைத்திருக்கிறேன். விழா முடிந்து, விடை தெரிந்த பிறகு வெளியிடப்படும்.