மேலே கூரை, உள்ளே ஈரம்

கேள்வி: பழைய பிக்கப் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திப் புதுப்பிக்கிறேன். டிரைவர் காலடித் தரையில் துரு. மேலே ஒரு தகடு வைத்து மூடிவிடலாமா?

பதில்: மூடலாம். துருவுக்கும் அதுதான் ஆசை: மேலே கூரை, உள்ளே ஈரம்! முதலில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போகிற இடத்தில் இருப்பது தரை இல்லை, வெறும் பெயின்ட். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு, 18 கேஜ் தகட்டை அளவாக வைத்து வெல்டிங் செய்யுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு அப்பளமாக நெளியும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு இணையுங்கள். அதற்கு முன் பேட்டரி, சீட், மேட் எல்லாம் வெளியே. அடியில் பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். (புதுப்பிக்க வண்டி மிஞ்ச வேண்டுமே!) பிறகு இரு பக்கமும் ரெட் ஆக்சைடு. கடைசியாக, முன் கண்ணாடி ரப்பர் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால், வாடகை வெல்டிங் மெஷினை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.